வேலை கேட்காதீர்கள், விவரம் கேளுங்கள்

வேலை போய்விட்டது. அல்லது இருக்கும் வேலை பிடிக்கவில்லை. யாரிடம் முதலில் சொல்கிறோம்? கூடப் படித்த நெருங்கிய நண்பனிடம், பக்கத்து சீட்டுக்காரரிடம், வீட்டில் மாமாவிடம். அவர்கள் மனதார உதவ நினைப்பவர்கள்தான். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்தே இருக்கும். ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறீர்கள், ஒரே கம்பெனிகளைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறீர்கள். புதுச் செய்தி வேறு வட்டத்து ஆளிடமிருந்து வரும். பழைய கம்பெனியில் வேறு டீமில் இருந்தவர், கல்லூரியில் நான்கு வருடம் மூத்தவர், வென்டராக வந்துபோனவர், உறவினர் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து பேசியவர். அப்படி ஒருவரோடு எதிரெதிரே உட்கார்ந்து ஒரு காபி குடித்தால், ஆறு மாதம் வேலைவாய்ப்புத் தளங்களை மேய்ந்து கிடைக்காதது கிடைக்கக்கூடும்.

சமூகவியலில் இதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர், பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் நகரில், அண்மையில் வேலை மாறிய மேலாளர்களையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் தேடிப்போய் இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். 1973-இல் அவர் வெளியிட்ட கட்டுரை அந்தத் துறையில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படுபவற்றில் ஒன்று. ஆள் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த ஆளை வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்த்துப் பழகியவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் பெற்றவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் மூலம் பெற்றவர்கள் 27.8 சதவீதம். சொன்னவர் நண்பரா என்று கேட்டபோது, நண்பர் இல்லை, தெரிந்தவர் மட்டுமே என்று பலர் திருத்திச் சொன்னதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். பலருக்கு வேலை சொன்னவர் எப்போதோ கூட வேலை பார்த்தவர், அல்லது பழைய முதலாளி. எங்கோ தற்செயலாகச் சந்தித்ததில் அறுந்திருந்த தொடர்பு மறுபடி உயிர்பெற்றிருக்கிறது.

இணைய யுகத்தில் இது செல்லுபடியாகுமா என்று லிங்க்டுஇன்னில் 2 கோடிப் பேருக்கு மேல் வைத்து ஐந்து வருடம் சோதித்தார்கள். 2022-இல் சயன்ஸ் இதழில் முடிவு வந்தது. கிரானவெட்டர் சொன்னது சரிதான், ஒரு திருத்தத்தோடு. முன்பின் தெரியாதவரை நண்பர் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போவதில் பெரிய பலன் இல்லை. ஒட்டி உறவாடுபவரிடமும் பலன் குறைவு. இரண்டுக்கும் நடுவில், பொதுவாகத் தெரிந்த சிலர் இரு பக்கமும் இருக்கும் ஆளிடம்தான் வேலைமாற்றம் அதிகம் நடந்திருக்கிறது. எனவே யாரென்றே தெரியாத மனிதவள அதிகாரிகளுக்கு ரெஸ்யூமே அனுப்பிக் களைத்துப்போவதை விட, உங்கள் போனில் பெயர் இருந்தும் இரண்டு வருடமாகப் பேசாத எண்களை இன்று மாலை உட்கார்ந்து ஒரு முறை புரட்டுவது மேல்.

புரட்டும்போது ஒரு வகை ஆளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையின் எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்: வாடிக்கையாளர், சப்ளையர், ஆடிட்டர், வங்கியில் உங்கள் கம்பெனிக் கணக்கைப் பார்ப்பவர். உங்கள் வேலைத்திறனை நேரில் பார்த்திருப்பவர் அவர். அதே சமயம் உங்கள் வட்டத்துக்கு வெளியே இருப்பவர். 1993-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில், டென்னிஸ் என்ற சாதாரணச் சாலையோர உணவகத்தில் மூன்று பொறியாளர்கள் காபி மேல் காபியாகக் குடித்தபடி ஒரு கம்பெனிக்குத் திட்டம் போட்டார்கள். ஜென்சன் ஹுவாங் எல்எஸ்ஐ லாஜிக் என்ற சிப் நிறுவனத்தில் இருந்தவர். கிறிஸ் மலகோவ்ஸ்கியும் கர்டிஸ் பிரீமும் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆட்கள். சன்னுக்குச் சிப் செய்துகொடுத்த வகையில்தான் ஹுவாங்குக்கு இவர்களோடு பழக்கம். அந்த மேசையில் உருவான கம்பெனி என்விடியா. ஹுவாங் பதினைந்து வயதில் இதே டென்னிஸ் உணவகங்களில் ஒன்றில் பாத்திரம் கழுவி வேலையைத் தொடங்கியவர் என்பதையும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை.

எந்தக் கடைக்குப் போவது

தொழில் பேச்சு நடக்கிற இடத்துக்குப் போக வேண்டும். லண்டனில் 1680-களின் இறுதியில் எட்வர்ட் லாய்ட் என்பவர் தேம்ஸ் நதிக்குப் பக்கத்தில், டவர் தெருவில் காபிக்கடை வைத்திருந்தார். கப்பல் முதலாளிகளும் கேப்டன்களும் வணிகர்களும் வந்து உட்காரும் இடம். எந்தக் கப்பல் கரை சேர்ந்தது, எது காணாமல் போனது என்ற செய்தி அங்கே முதலில் கிடைத்ததால், கப்பலுக்குக் காப்பீடு எழுதுபவர்களும் அங்கேயே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். லாய்ட்ஸ் ஆஃப் லண்டன் என்ற உலகப் புகழ்பெற்ற காப்பீட்டுச் சந்தை அந்தக் கடையிலிருந்து வளர்ந்தது. சென்னையில் கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 1962 முதல் 2008 வரை இதே காரியத்தைச் செய்தது. மருந்துக் கம்பெனி ரெப்கள் காலையில் அங்கே கூடித்தான் அன்றைய ரவுண்டுக்குக் கிளம்புவார்கள். எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது, எந்த மேனேஜர் எப்படி என்பதெல்லாம் அந்த மரத்தடிக் கார்களுக்கு நடுவே தெரிந்துவிடும். இப்போது அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

இன்று அப்படி ஒரே இடம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு தொழிற்பேட்டைக்கும் ஐ.டி. பூங்காவுக்கும் வெளியே ஒரு கடை இருக்கிறது. நீங்கள் போக விரும்பும் கம்பெனிக்காரர்கள் நான்கு மணிக்கு எங்கே வந்து நிற்கிறார்கள் என்று இரண்டு நாள் கவனித்தால் தெரிந்துவிடும். முன்கூட்டிப் பேசி வைத்துச் சந்திப்பதானால், ஏ.சி. போட்ட பெரிய காபி ஷாப்தான் வேண்டும் என்பதில்லை. சத்தம் குறைவான ஒரு சைவ ஹோட்டலில், கூட்டம் அடங்கிய பதினோரு மணிக்கு, டபரா டம்ளரில் இரண்டு காபி போதும். அவருக்கு எது பக்கமோ அதைத் தேர்ந்தெடுங்கள். அலைய வேண்டியவர் நீங்கள்.

இந்த மேசை எல்லோருக்கும் எப்போதும் திறந்திருந்ததில்லை என்பதை மறக்கக் கூடாது. நம் ஊர் காபி கிளப்புகளில் யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. 1957-இல் கூடத் திருவல்லிக்கேணி முரளி கபே பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்ய வேண்டியிருந்தது. இன்று யாரும் எங்கும் உட்காரலாம். ஆனால் எதிரே உட்காரப் பெரிய வேலையில் ஓர் ஆள் வேண்டுமே. சித்தப்பா வங்கியிலும் அத்தை பெண் அமெரிக்காவிலும் இருக்கும் வீட்டுப் பையனுக்கு அந்த ஆள் பிறக்கும்போதே கிடைத்துவிடுகிறார். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அப்படி யாரும் இல்லை. அவர் ஒவ்வொருவராகத் தானே தேடிச் சேர்க்க வேண்டும். இந்தக் கட்டுரையை முக்கியமாக அவருக்காகத்தான் எழுதுகிறேன். கூச்சப்பட வேண்டாம். வசதியான வீட்டில் சாப்பாட்டு மேசையில் நடந்துவிடும் பேச்சைத்தான் நீங்கள் காபிக்கடை மேசையில் நடத்தப்போகிறீர்கள்.

எப்படி அழைப்பது

‘ஹாய் சார், ஏதாவது ஓப்பனிங் இருந்தா சொல்லுங்க’ என்ற செய்திக்குப் பதில் வராது. வந்தாலும் ‘ரெஸ்யூமே அனுப்புப்பா’ என்பதோடு முடிந்துவிடும். ஏனென்றால் அவர் கையில் அந்த நேரத்தில் வேலை இருந்தால்தான் அவரால் பதில் சொல்ல முடியும். அனுபவமும் தகவலும் அவரிடம் எப்போதும் இருக்கின்றன. அதைக் கேட்டால் மறுப்பவர் குறைவு. இப்படி எழுதிப் பாருங்கள்:

“வணக்கம் அண்ணா. நம் காலேஜ் மெக்கானிக்கல்தான், உங்களுக்கு நான்கு பேட்ச் ஜூனியர். போன வருடம் அலும்னை மீட்டில் பேசினோம். ஸ்ரீபெரும்புதூரில் மூன்று வருடமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். டிசைனுக்கு மாறலாமா என்று யோசனை. நீங்கள் அப்படி மாறியவர் என்பதால் இருபது நிமிடம் உங்களிடம் பேசினால் தெளிவு கிடைக்கும். சனிக்கிழமை காலை உங்கள் ஏரியாவில் எங்கே சௌகரியமோ அங்கே வருகிறேன். வேலை கேட்டு வரவில்லை அண்ணா, விவரம் தெரிந்துகொள்ளத்தான்.”

யார், எப்படித் தெரியும், என்ன வேண்டும், எவ்வளவு நேரம் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. ரெஸ்யூமேயை இதோடு இணைக்காதீர்கள். சீனியரை அண்ணா, அக்கா என்று கூப்பிடும் பழக்கம் உள்ள கல்லூரி என்றால் அப்படியே கூப்பிடுங்கள். ஆபீஸ் வழியாகத் தெரிந்தவர் என்றால் சார், மேடம். பதில் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள். அவருக்கு அந்த மாதம் ஆயிரம் கவலை இருக்கும்.

புதிதாக யாரிடமும் பேச வாயே வராது என்பவர்கள் முதலில் கவுன்டரில் இருப்பவரிடம் பழகலாம். காபி வாங்க வந்தவர்களில் சிலரைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு உடனே நகரச் சொன்னார்கள்; வேறு சிலரை ஊழியரின் முகம் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஜிலியன் சாண்ட்ஸ்ட்ரோம், எலிசபெத் டன் என்ற இருவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இது. பேசியவர்கள்தான் மகிழ்ச்சியோடு வெளியே போனார்கள். மாஸ்டரிடம் ‘சர்க்கரை கம்மி’ என்பதற்கு மேல் ஒரு வாக்கியம் தினமும் பேசிப் பாருங்கள். வாய் பழகிவிடும்.

மேசையில்

முதலில் உங்களைப் பற்றி மூன்று வாக்கியம். அதற்கு மேல் வேண்டாம். அவர் நாளைக்கு இன்னொருவரிடம் உங்களைப் பற்றிச் சொல்லும்போது அப்படியே திருப்பிச் சொல்லும்படி இருக்க வேண்டும். ‘திருப்பூரில் ஐந்து வருடமாக மெர்ச்சண்டைசர். பையரோடு பேசுவது, சாம்பிள் அப்ரூவல், ஷிப்மென்ட் தேதி எல்லாம் நானே பார்க்கிறேன். இப்போது பையிங் ஆபீஸ் பக்கம் போக நினைக்கிறேன்.’ இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டால், கேட்டவர் மனதில் நீங்கள் ‘பையிங் ஆபீஸ் தேடும் மெர்ச்சண்டைசர்’ என்று பதிந்துவிடுவீர்கள். இரண்டு மாதம் கழித்து எங்கோ ஒரு பையிங் ஆபீஸில் ஆள் வேண்டும் என்று காதில் விழும்போது உங்கள் முகம் அவருக்கு நினைவுக்கு வரும். காபிக்கடைச் சந்திப்பு வாழ்க்கையை மாற்றுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். அன்றைக்கு அங்கே எதுவும் நடக்காது. ‘எந்த வேலையானாலும் பரவாயில்லை சார்’ என்பவரை யாரும் எதற்கும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது.

அடுத்து கேள்விகள். எதிரில் இருப்பவர் மட்டுமே சொல்லக்கூடியதைக் கேளுங்கள். இணையத்தில் கிடைப்பதைக் கேட்டு அவர் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ‘உங்கள் வேலையில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து எப்படிப் போகும்?’ என்று கேட்டால், பதவிப் பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான வேலை தெரியவரும். ‘உங்கள் டீமுக்குக் கடைசியாக எடுத்தவரை எதைப் பார்த்து எடுத்தீர்கள்?’ என்ற கேள்வி தங்கம். விளம்பரத்தில் பத்துத் தகுதிகள் போட்டிருப்பார்கள். உண்மையில் முடிவு செய்தது ஒன்றோ இரண்டோதான், அது எது என்று அவர் வாயிலிருந்தே வரும். ‘என் இடத்தில் இருந்தால் அடுத்த ஆறு மாதம் என்ன கற்றுக்கொள்வீர்கள்?’ என்றும் கேட்கலாம். சம்பளத்தை நேராகக் கேட்காமல், இந்த அனுபவத்துக்கு இப்போது சந்தையில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். எழுந்திருக்கும் முன் கேட்டே ஆக வேண்டியது: ‘இதைப் பற்றி நான் வேறு யாரிடம் பேசலாம்?’ ஒரு பெயர் கிடைத்தால் போதும், அடுத்த காபி முடிவாகிவிட்டது.

இருபது நிமிடம் ஆனதும் நீங்களே கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவருக்கு விருப்பம் இருந்தால் ‘பரவாயில்லை, உட்காரு’ என்பார். பில்லை நீங்கள் எடுக்க வேண்டும், அழைத்தவர் நீங்கள்தானே. மூத்தவர் கையைப் பிடித்துத் தடுத்தால் பிடிவாதம் வேண்டாம், அடுத்த முறை என் முறை என்று சொல்லிவிடுங்கள். அவராகவே ‘எங்கள் கம்பெனியில் ரெஃபர் செய்யட்டுமா’ என்றால் கூச்சமில்லாமல் ஒத்துக்கொள்ளுங்கள். பல கம்பெனிகளில் ரெஃபர் செய்த ஆள் சேர்ந்தால் ஊழியருக்கு ஊக்கத்தொகை உண்டு.

பெண்கள் விஷயத்தில் கூடுதலாகச் சில வார்த்தைகள். பகல் நேரம், ஆள் நடமாட்டம் உள்ள கடை, போகும் இடத்தை வீட்டிலோ தோழியிடமோ சொல்லிவிட்டுப் போவது என்பதெல்லாம் பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. இடத்தை நீங்களே சொல்லுங்கள். கடைசி நிமிடத்தில் ‘இங்கே வேண்டாம், வேறு இடத்துக்குப் போகலாம்’ என்றால் மறுத்துவிட்டுக் கிளம்புங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நிமித்தமாக ஊழியர் செல்லும் எந்த இடத்தையும் பணியிடமாகவே கருதுகிறது. ஆபீஸ் வேலையாக மேலதிகாரியோடு போன காபிக்கடையும் அதில் சேரும் என்பது தெரிந்திருக்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை எல்லோருக்கும். எட்டு வருடமாகப் பேசாத பள்ளித் தோழன் திடீரென்று ‘மச்சான், ஒரு காபி சாப்பிடலாமா, நல்ல பிசினஸ் ஐடியா ஒண்ணு இருக்கு’ என்று கூப்பிடுகிறான். போனால் கூடவே கோட் போட்ட இன்னொருவர். நோட்டில் வட்டம் போட்டு, அதன் கீழ் மூன்று வட்டம் போட்டு, மாத வருமானம் எழுதிக் காட்டுகிறார். காபியை முடித்துவிட்டு எழுந்து வாருங்கள். நேரடி விற்பனைக்கான 2021-ஆம் ஆண்டு விதிகள் சேருவதற்கு நுழைவுக் கட்டணம் வாங்குவதையும் பிரமிட் திட்டங்களையும் தடை செய்கின்றன. அதே போல, வேலை வாங்கித் தருகிறேன் என்று மேசையில் பணம் கேட்கும் யாரிடமும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

வெளியே வந்த பிறகு

போலந்தில் இருந்த லுவூவ் நகரத்தில் (இன்று உக்ரைனின் லிவீவ்) ஸ்காட்டிஷ் கபே என்று ஒரு கடை. 1930-களில் ஸ்டீஃபன் பனாக், ஸ்டானிஸ்லாவ் உலாம், ஸ்டானிஸ்லாவ் மசூர் போன்ற கணித மேதைகள் மணிக்கணக்கில் அங்கே உட்கார்ந்து பேசுவார்கள். கணக்குகளைப் பளிங்கு மேசை மேலேயே பென்சிலால் எழுதுவார்கள். கடைக்காரர் மேசையைத் துடைத்தால் எல்லாம் போச்சு. இதைப் பார்த்த பனாக்கின் மனைவி 1935-இல் ஒரு தடித்த நோட்டு வாங்கிக் கொடுத்தார். அது கடையிலேயே இருக்கும், கேட்டால் பணியாளர் எடுத்து வருவார். தீராத கணக்குகளை அதில் எழுதி, தீர்ப்பவருக்குப் பரிசும் குறித்து வைத்தார்கள். 1936-இல் மசூர் எழுதிய ஒரு கணக்குக்குப் பரிசு உயிருள்ள ஒரு வாத்து. 1972-இல் பெர் என்ஃப்லோ என்ற ஸ்வீடன் நாட்டுக் கணிதர் அதைத் தீர்த்தார். மசூர் சொன்ன சொல் தவறாமல் வார்சாவில் அவரிடம் வாத்தைக் கொடுத்தார். நடுவில் ஓர் உலகப் போர் வந்து போயிருந்தது. ஆனால் நோட்டு தப்பியிருந்தது.

எனவே கடையை விட்டு வெளியே வந்ததும் பைக்கை எடுக்கும் முன் போனிலோ சின்ன நோட்டிலோ எழுதுங்கள். அவர் சொன்ன பெயர்கள், படிக்கச் சொன்னது, அவர் கம்பெனியில் நடக்கும் மாற்றம், பேச்சுவாக்கில் சொன்ன அவர் மகளின் நீட் தேர்வு. வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்திருக்கும். அன்று இரவே இரண்டு வரி நன்றி. ‘தேங்க்ஸ் சார்’ மட்டும் போதாது. அவர் சொன்னதில் எது உதவியது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவருக்கு நம்மைப் பிடித்ததோ இல்லையோ என்ற சந்தேகம் வந்துவிடும். புதிதாக ஒருவரோடு பேசி முடித்தவர்கள், எதிரில் இருந்தவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதை வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. நீங்கள் நினைப்பதை விட நன்றாகவே அந்தப் பேச்சு போயிருக்கும். ஆகையால் இரண்டு மாதம் கழித்து இன்னொரு செய்தி அனுப்புங்கள், உருப்படியான ஒன்றோடு: ‘அண்ணா, நீங்கள் சொன்ன சாலிட்வொர்க்ஸ் கோர்ஸை முடித்துவிட்டேன். ஒரு சின்ன பிராஜெக்டும் செய்திருக்கிறேன்.’ சொன்னதைச் செய்து காட்டுபவர்கள் மிகச் சிலர். அவர்களுக்காகப் போனை எடுத்து நான்கு பேரிடம் பேச மூத்தவர்களுக்குத் தானாக மனம் வரும். இந்த இரண்டாவது செய்தியைத்தான் முதல் சந்திப்பை விட முக்கியமானது என்று நினைக்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் நிலைக்கு வந்துவிட்டவர்களும் இருப்பீர்கள். ஊரிலிருந்து ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி எழுதிய செய்தி உங்கள் போனில் பதில் இல்லாமல் கிடக்கலாம். மாதத்துக்கு ஒருவருக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் மொழியில், உங்கள் ஊர்ப் பேச்சில் பேசுங்கள். ஆங்கிலத்துக்குப் பயந்தே பாதிக் கேள்விகளை அவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். முடியாததை ‘பார்க்கலாம்ப்பா’ என்று இழுக்காமல், முடியாது என்று சொல்லிக் காரணத்தையும் சொல்லுங்கள். அவர் ஒரு மாதம் காத்திருப்பது மிச்சமாகும். யாரையாவது பார்க்கச் சொல்வதாக இருந்தால், எண்ணை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். அந்த நண்பருக்கும் இந்தப் பிள்ளைக்கும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக அறிமுகம் எழுதி, காபி ஆறுவதற்குள் அங்கேயே அனுப்பிவிடுங்கள்.